பற்றலைமை இயல்

பற்றலைமை என்பது பல்லின்கண் தலைமை. பல் + தலைமை எனப் பிரிக்க. நிலைமொழி ஈற்று லகரமும் வருமொழி முதல் தகரமும் றகரமாய்த் திரிந்தன. இதனைப் பற்று + அலைமை எனப் பிரிப்பாரும் உளர். பிரித்து, ஓரிடத்தின்மேல் பற்று வைத்தபின் அலையவிடப்படுதல் எனப் பொருள் உரைப்பர். இலக்கணத்துக்கு ஒவ்வாத அப்பிரிப்பை, இரண்டாண்டில் மும்முறை இடமாற்றம் பெற்ற பல் மருத்துவர் ஒருவர் விடாது வற்புறுத்துவதால் இங்குக் குறித்து வைத்தோம், கொள்க என்றிலோம். மாணாக்கனே, ஏட்டைத் திற. கரிக்கோலைக் காதிலிருந்து எடு.

1. நூல் எழுந்த வகை. மும்பையின் கிங்ஸ் சர்க்கிளில் மகேஸ்வரி உத்யான் பூங்காவைச் சுற்றி நடைபாதைப் பழநூற் கடைகள் இருப்பதை நீ அறிவாய். அங்கே பொறியியல் நூல்கள் இடுப்பளவும், மருத்துவ நூல்கள் தோளளவும், நுழைவுத்தேர்வு நூல்கள் ஆளுயரத்துக்கு மேலும் அடுக்கப்பட்டிருக்கும். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், நீலத் தார்ப்பாயின் கீழ், சுருட்கம்பி கோத்த கட்டு ஒன்று எம் கண்ணில் பட்டது. பொதுப்பணியில் உள்ள பல் மருத்துவர்க்குத் தலைமைப் பயிற்சி, இரண்டு நாள் என்று மேலட்டை ஆங்கிலத்தில் சொல்லிற்று. கடைக்காரர் 60 உருவா என்றார், யாம் நடக்கத் தொடங்கினோம், 30 ஆயிற்று. அவர் அதனை எம்.பி.ஏ. அடுக்கில் வைத்திருந்தார். வகைப்பாட்டில் நேர்ந்த அப்பிழையைக் களையவே இவ்வியல் யாக்கப்பட்டது.

கட்டினுள் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் 11 இருந்தன. 37ஆம் பக்கத்தில், நெருக்கடியில் உம் அறையில் முடிவெடுப்பவர் யார் என்னும் வினாவின்கீழ், கட்டை முன்பு உடையவர் கரிக்கோலால் ‘மௌஷி’ என்றெழுதி, அதை அடித்து, ‘நான்’ என்று எழுதியிருந்தார். அடித்த சொல் இன்னும் படிக்கக் கிடைக்கிறது. இதனை நினைவில் இருத்து. ஆறாம் பகுதியில் வேண்டப்படும்.

2. இயலின் உரிமை. பல்லுக்கும் தலைமைக்கும் என்ன உறவு என்று வினவுவாய். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் இடங்களை எட்டாக எண்ணினார். அவ்வெட்டனுள் தலையும் உண்டு, பல்லும் உண்டு. ஒரே நூற்பாவில் இரண்டையும் வைத்தவர் அவர், இணைத்தவர் யாம். மேலும் அவர் மரபியலில் கூறிய உத்திகள் 32. மாந்தர் வாயில் பற்களும் 32. இதனைத் தற்செயல் எனக் கொள்ளற்க.

பல்லியல் அறிஞரும் பகுப்பில் நம்மினும் குறைந்தவர் அல்லர். ஆங்கிள் என்பார் 1899இல் பிழைபட்ட பற்கடியை மூவகையாக்கினார். பிளாக் என்பார் சொத்தையை ஐவகையாக்கினார்; பின்வந்தோர் ஆறாவதைச் சேர்த்தனர். அனைத்துலக எண்முறையோ வாயை நான்காகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை எண்ணிடுகிறது. அதன்படி கீழ்வலப் பகுதியின் ஆறாம் பல் 4-6. அதை நாற்பத்தாறு என்று சொல்லுதல் குற்றம். நான்கு ஆறு என்றே சொல்க. எம் வாயில் வலிக்கும் பல் அதுவே.

முன்னோரைச் சுருங்கச் சொல்வோம். 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் ராபியுதீன் அகமது. 1923இல் பம்பாயில் பல் மருத்துவமனை திறந்த பாத்திமா ஜின்னா, மாலைதோறும் தோபி தலாவ் மாநகராட்சி மருந்தகத்தில் ஊதியமின்றிப் பணி செய்தார். 1933இல் நாயர் பல் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. இவர்களுக்கும் இவற்றை நடத்தியோர்க்கும் தலைமைப் பயிற்சி அளித்தவர் எவர் எனத் தேடினோம். கிடைத்திலர். இக்குறையை இன்றைய ஊழி நிறைவு செய்து வருகிறது.

3. ஊட்டுநர். தலைமையை ஊட்டுபவர் தலைமையூட்டுநர். இவர்க்குப் புதுப் பகுப்பு வேண்டா. ஆசிரியர் ஆகாதார்க்கு நன்னூலில் பவணந்தியார் சொன்ன நான்கு உவமையும் நால்வர்க்கும் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும்.

(அ) கழற்பெய்குடம். கழற்சிக்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால் முன் இட்டது முன்வாராது. எல்லாம் ஒருங்கே உருளும். சுவரில் ஒளிப்படம் வீழ்த்தி, 140 படங்களை இரண்டு மணிப்பொழுதில் உருட்டுபவர் இவர். ‘இது உங்கள் கையிலுள்ள கட்டில் இருக்கிறது’ என்று இடையிடையே கூறுவது இவர்க்குரிய அடையாளம். கட்டில் இராது.

(ஆ) மடற்பனை. கருக்கு மட்டை நிறைந்த பனையை எவரும் ஏறார். தானே விழுந்த பழத்தைப் பொறுக்கலாம். கழுத்துப்பட்டையோடு வருபவர். வினா எழுப்பினால் ‘நல்ல வினா’ என்பார். அதுவே பழம்.

(இ) பருத்திக்குண்டிகை. பஞ்சு அடைத்த குடுக்கை. இடுவதும் அரிது, எடுப்பதும் அரிது. ‘தலைமை என்றால் என்ன?’ என்று கேட்டுவிட்டு ஐந்து மணித்துளி வாளாவிருப்பவர்.

(ஈ) முடத்தெங்கு. ஒருவர் வேலிக்குள் நீர் குடித்து அடுத்தவர் முற்றத்தில் காய் உதிர்க்கும் கூனல் தென்னை. பொதுப்பணம் நீராகும்; பயின்ற மருத்துவர் காய் ஆவார். முற்றம் இருவகைத்து: பாந்திரா முற்றம், துபாய் முற்றம். இவ்வூட்டுநரின் பயிற்சியே மெய்யாகப் பயன் தருவது என்பதையும் உண்மை நோக்கிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

4. கொள்ளுநர். பயிற்சிக்கு அனுப்பப்படும் பல் மருத்துவர் தலைமைகொள்ளுநர். மாணாக்கர்க்கு நன்னூல் கூறும் எண்வகையும் இங்கு உள. மூன்று காட்டுவோம்; ஏனைய வெளிப்படை. ஆ என்பார், கிடைத்ததை எல்லாம் மேய்ந்து, மாலையில் தாணே செல்லும் தொடர்வண்டியில் ஒற்றைக் காலில் நின்றபடி அசை போடுபவர். கிளி என்பார், சொன்னதையே சொல்பவர். பல் பிடுங்கப்பட்டுக் குருதி துப்பும் முதியவரிடம் ‘இப்பயணத்தில் நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்று சொல்லி அவரை நடுங்கவைத்தவர் இவ்வகையினரே. நெய்யரி என்பார், நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைத் தேக்கும் பன்னாடை போன்றவர். இரண்டு நாட்களில் அவர் நெஞ்சில் நின்றது முதல்நாள் நண்பகலில் வடை தீர்ந்துபோனது மட்டுமே.

பவணந்தியார் அறியாத ஒன்பதாம் வகை ஒன்று உண்டு. அவர் அழைப்புற்றார். பயிற்சி தொடங்கிய அரைமணியில் கைப்பேசி அதிரும். பல் எடுத்த இடத்தில் குருதி நிற்கவில்லை என்பது செய்தி. எழுந்து போவார். திரும்புகையில் அடுத்த நாளாகியிருக்கும். வருகை குறைந்தமையால் இவர்க்குச் சான்றிதழ் இல்லை.

5. பயிற்சியின் உறுப்புகள். அவை மூன்று: வகைப்படுத்தல், கட்டல், பருகல்.

5.1 வகைப்படுத்தல். டக்மன் என்பார் 1965இல் குழுவின் வளர்ச்சியை நான்கு நிலையாக, இயைபுத் தொடை அமையச் சொன்னார். யாமும் இயைபு கெடாது தமிழ் செய்தோம்: உருவுறல், முரணுறல், நெறியுறல், செயலுறல். 1977இல் ஐந்தாவதும் சேர்ந்தது, அது கலைவுறல். மாநகராட்சிப் பணியில் ஐந்தாவது முதலில் வருவதுண்டு என்பது எம் மேல்வீட்டு மருத்துவர் தரும் இடைச்செருகல்.

குர்ட் லெவினும் துணைவரும் 1939இல், பத்தகவைச் சிறுவர்களைக் கூட்டி முகமூடி செய்யவிட்டுத் தலைமையை மூன்றாகக் கண்டனர். ஆணையிடுவது ஆணைத்தலைமை. கலந்து முடிப்பது அவைத்தலைமை. விட்டது விட்டபடி கிடப்பது விடுதலைமை. இறுதிச் சொல்லை விடுதலை + மை எனப் பிரிக்கற்க. விடு + தலைமை என்க. பல்லரங்கத்தில் இம்மூன்றும் ஒரே முற்பகலில் ஒரே மருத்துவரிடம் காணப்படும்: எட்டரைக்கு ஆணை, பத்துக்கு அவை, நோயர் எண் எழுபதைத் தாண்டியபின் விடுதலைமை.

5.2 கட்டல். இருபது மாவுக்குச்சி, ஒரு கெசம் நூல், ஒரு கெசம் ஒட்டுநாடா, பஞ்சு மிட்டாய் போலும் மெத்தென்ற இனிப்பொன்று. பதினெட்டு மணித்துளிக்குள் உயர்ந்த கோபுரம் கட்டி, உச்சியில் இனிப்பை இருத்தல் வேண்டும். உலகெங்கும் நிகழும் விளையாட்டு இது. டாம் வூஜெக் என்பார் 2010இல், இதில் மேலாண்மைப் பட்டதாரியரை மழலைப் பள்ளிக் குழவிகள் வென்றதை எடுத்துரைத்தார்.

மேல்வீட்டு மருத்துவர் பங்கேற்ற கட்டலை அவர் வாய்மொழியாகவே அறிந்தோம். பல் மருத்துவ மாணவர் முதலாண்டிலேயே மெழுகில் பல் செதுக்கப் பழகியவர். முன்பின் அறியாத நால்வர் ஒரு மேசையில் அமர்ந்தனர். ஒருவர் நாடாவைக் கிழித்து நான்கு நான்காக மேசை விளிம்பில் ஒட்டினார். ஒருவர் குச்சியை நீட்டினார், மற்றவர் கேளாமலே பற்றினார். எவரும் பேசவில்லை. பதினோராம் மணித்துளியில் கோபுரம் நின்றது. மின்விசிறியை முழுவிசையில் சுழற்றியும் ஆடவில்லை. ஊட்டுநர் மும்முறை சுற்றி வந்து நோக்கி, இம்மேசையில் தலைவர் எவரும் வெளிப்படவில்லை எனக் குறித்து, மதிப்பெண் சுழி இட்டார். சாய்ந்து விழுந்த அடுத்த மேசைக்கு மூன்று தலைவர்.

5.3 பருகல். குளம்பி, வடை. அச்சிட்ட அளவு 15 மணித்துளி. உண்மை அளவு 40. இடமாற்றம், ஊதிய நிலுவை, எவர் அறையில் துளைப்பி ஓடுகிறது ஆகிய செய்திகள் பரிமாறப்படுவது இங்கு மட்டுமே. பயிற்சி நிகழ்வது இவ்வுறுப்பில்தானோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. ஐயத்தை நூலில் ஏற்றலாகாது என்பதால் மேற்செல்வோம்.

6. பல்லரங்கம். இதுவே இவ்வியலின் உயிர்ப்பகுதி, நிமிர்ந்து உட்கார். பெயர் சொல்லலாகாத ஒரு பொது மருத்துவமனையில், 10 உருவாக் கட்டி மக்கள் கேஸ் பேப்பர் என்று வழங்கும் சீட்டைப் பெற்று, எம் 4-6இன் பொருட்டு நான்கு முற்பகல் காத்திருந்து கண்டவை இவை. ஆங்கே தலைமை இருவகைத்து: பொருட்டலைமை, மாந்தத்தலைமை.

6.1 பொருட்டலைமை. சாய்நாற்காலி இரண்டு. ஒன்று சாயும், நிமிராது. மற்றொன்று இரண்டும் செய்யும். ஆகவே வரிசை அதன்பின் நின்றது. ஆயினும் நாற்காலி அன்று தலைவன். மூலையில் அட்டைப்பெட்டிகளின் பின் இருந்து உறுமும் காற்றழுத்தியே தலைவன். மக்கள் இதைக் கம்ப்ரெசர் என்பர். துளைப்பி சுழல்வது மின்னாலன்று, அழுத்திய காற்றால். எனவே காற்றழுத்தி நின்றால் துளைப்பி நிற்கும், மருத்துவர் கை நிற்கும், வரிசை நிற்கும். நோயரின் வாய் மட்டும் திறந்தபடி இருக்கும். இவ்வாறு ஒன்று நிற்க எல்லாம் நிற்பதை உச்சத்தலைமை என்க. இரண்டாம் முற்பகலில் அது இருமுறை நின்றது.

6.2 மாந்தத்தலைமை. இதற்கு முன் முறைப்பெயர் இலக்கணம் அறிதல் வேண்டும். மும்பை மருத்துவமனைகளில் ஆண் உதவியாளரை மாமா என்று விளிப்பது மரபு. பெண் உதவியாளரை மௌஷி என்பர். மராத்தியில் அது தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் பெயர். செவிலியர் சிஸ்டர், அதுவும் முறைப்பெயரே. அறையில் முறைப்பெயர் அற்றவர் மருத்துவர் ஒருவரே. தலைமைப் பயிற்சி அவர்க்கு மட்டும் அளிக்கப்படும் ஏது இதனால் விளங்கும்.

(அ) மாமாத்தலைமை. காற்றழுத்தி நின்றபோது மருத்துவர் அலுவலர்க்குக் கடிதம் எழுத அமர்ந்தார். மாமா வந்தார், காதை வைத்துக் கேட்டார், ஒரு திருகைத் தளர்த்தி நீரை வடித்தார், உள்ளங்கையால் விலாவில் இருமுறை தட்டினார். உறுமிற்று. கடிதம் அவ்வமயம் இரண்டாம் வரியில் இருந்தது. மாரிநாளில் இத்தலைமை மேலும் சிறக்கும். காந்தி மார்க்கெட்டிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் முழங்கால் அளவு நீர் நிற்கும் நாளில் ஊழியர் பாதியே வருவர், மாமா வந்துவிடுவார். வந்து, தரையிலுள்ள மின்கம்பிகளை விசிப்பலகைமேல் ஏற்றிய பின்னரே மேற்சட்டையைப் பிழிவார்.

(ஆ) மௌஷித்தலைமை. இது நான்கு உட்பிரிவுடைத்து: வரிசையாளல், வாயாளல், அச்சமாளல், சொல்லாளல். முதல் மூன்றும் எளிய. ஞாயிறு காலை கஃபே மெட்ராஸ் உணவக வாயிலில் தாளும் எழுதுகோலுமாய்ப் பெயர் குறிப்பவரிடம் காணும் வரிசையாளலே இங்கும். நாலாவதற்கு மட்டும் எடுத்துக்காட்டுவோம்.

மூன்றாம் முற்பகல். தாராவி 90 அடிச் சாலையிலிருந்து வந்த திருநெல்வேலி மூதாட்டி ஒருவர் நாற்காலியில் இருந்தார். பற்களின் வேரோரம் கரிநிறம்; கன்னத்தின் உட்புறம் வெளிறிய ஒரு திட்டு. மிஷ்ரியின் தடம் அது. புகையிலையை இரும்புத் தட்டில் கருக வறுத்துப் பொடித்து, பல் துலக்கும் தூளாகவே ஈறில் தேய்ப்பர். குட்காவை மராட்டிய அரசு 2012இல் தடை செய்தது. இது அடுப்படியில் ஆவது. இளைய மருத்துவர், பயிற்சிக் கட்டின் ஐந்தாம் பகுதியில் உள்ளவாறே, கண்ணோடு கண் நோக்கி, திறந்த வினாக்களாக, இந்தியில் நான்கு மணித்துளி பேசினார். மூதாட்டி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அசைவில் ஒன்றும் இல்லை.

உறிகுழலைப் பிடித்திருந்த மௌஷி மராத்தியப் பெண். தமிழ் அவர் வரிசையில் நின்றோரிடம் கற்றது. குழலை மாட்டிவிட்டுச் சொன்னார்: “ஆத்தா, இது வேணாம். எங்க மாமியாருக்கும் இப்படித்தான் வெள்ளையா வந்துச்சு. அப்புறம் வாய் தொறக்க முடியல. டப்பா குடு.”

“காலைல மட்டுந்தான் மௌஷி. அது இல்லாட்டி வெளிக்கே போவாது.”

“குடு ஆத்தா.”

கையை நீட்டியபடியே நின்றார். வரிசையும் நின்றது. மூதாட்டி இடுப்புச் செருகலைத் துழாவி, மூடி நசுங்கிய சிறு தகரச் சிமிழை எடுத்து அவர் கையில் வைத்தார். மௌஷி அதைக் குப்பையில் போடவில்லை. கண்ணாடி அலமாரியில், அதுபோன்ற வேறு சிமிழ்களின் அருகே வைத்தார். “அடுத்த வாரம் வாயைக் காட்டு. நல்லாயிருந்தா டப்பா தர்றேன். மிளகா போட்டு வச்சுக்க.” எண்ணினோம், அலமாரியில் சிமிழ்கள் பதினேழு. மருத்துவர் சீட்டில், அறிவுரை கூறப்பட்டது, என்று எழுதினார்.

இம்மௌஷிக்குத் தலைமைப் பயிற்சி உண்டா என வினவினோம். நான்காம் நிலை ஊழியர்க்கு அதில் இடம் இல்லை. பயிற்சி நாளில் நாற்காலி அடுக்குதல் அவர் பணி என்றனர்.

(இ) மருத்துவத்தலைமை. இதற்குரிய எடுத்துக்காட்டு நான்கு முற்பகலிலும் ஒன்று கிடைத்தது. மௌஷியிடம் ஒரு நாள் இளைய மருத்துவர் ‘இன்று நீங்கள் சொல்லுங்கள், நான் குழல் பிடிக்கிறேன்’ என்றார். இதனை ஆணை, அவை, விடுதலைமை ஆகிய மூன்றனுள் எதில் அடக்குவது என்று துணியாது தனி வரியாக விட்டோம். நீ பெரியவனானபின் அடக்குக.

7. பயிற்சியின் பின்நிலை. ஆடும் பல்லை மில்லர் என்பார் மூன்று நிலையாக அளந்தார்: உணரத்தக்க அசைவு முதல் நிலை; ஒரு மில்லிமீட்டர் வரை இரண்டாம் நிலை; அதனினும் மிக்கு, மேல்கீழாகவும் அசைவது மூன்றாம் நிலை. பயின்று மீண்ட மருத்துவர்க்கும் இவ்வளவையே கொள்க. முதல் நிலையர் ஒரு கிழமை புதுச்சொல் பேசுவார். இரண்டாம் நிலையர் திங்கள்தோறும் கூட்டம் கூட்டுவார். கூட்டத்துக்கு மாமாவும் மௌஷியும் அழைக்கப்படின் சிறப்பு, பெரும்பாலும் அழைக்கப்படார். மூன்றாம் நிலையர் புதிய காற்றழுத்தி வேண்டி மேலலுவலர்க்கு எழுதி, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டுவார். இவர் மேல்கீழாக அசைவதால், பல்லிலக்கணப்படி, எடுக்கப்படுவார். புதிய இடத்தில் அவர்க்கு மீண்டும் பயிற்சி.

எம் பழநூற்கட்டை உடையவர் இம்மூன்றாம் நிலையர் எனத் துணிகிறோம். கடைசி ஒட்டுத்தாளில் காற்றழுத்தி ஒன்றன் விலை, மூன்று கடைகளின் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளது.

8. எஞ்சியது. எம் 4-6க்கு வேர்க்குழல் மருத்துவம் தொடங்கப்பட்டுள்ளது. மக்கள் ரூட் கெனால் என்பர். முதல் வருகையில் நரம்பு எடுத்துத் தற்போதைக்கு அடைத்தனர். மறுவரவு நாளை மருத்துவர் சீட்டில் எழுதினார். மௌஷி அதைப் படித்துப் பார்த்து, தேதியைச் சுற்றி வட்டம் இட்டுத் தந்தார். நாள் வரும் வியாழன். கதவில் ஒட்டிய தாளின்படி அன்று மருத்துவர் மூவரும் தலைமைப் பயிற்சிக்குச் செல்கின்றனர். அறை எப்போதும்போல் எட்டு மணிக்குத் திறக்கும்.